சம்பளமில்லாமல் வந்தவளை நம்பாதவர்

என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எனக்குச் சம்பளம் எவ்வளவு என்பதுதான். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, திருப்பனந்தாளைத் தாண்டி அணைக்கரைச் சாலையில் இறங்கி, மண்ணியாற்றுக் கரையோடு வெயிலில் நடந்து போய் அவர் வாசலில் நின்றிருந்தேன். நன்னடத்தை அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கேட்டுவிட்டார்.

சம்பளம் கிடையாது, கல்லூரியில் படிக்கிறேன், பயிற்சிக்காக வந்திருக்கிறேன் என்றேன். பஸ் காசு யார் தருகிறார்கள் என்றார். அதுவும் என்னுடையதுதான் என்றேன். கொஞ்ச நேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வேற யாரோ குடுக்குறாங்க," என்றார்.

நான் சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி எங்களில் சிலரை மருத்துவமனைக்கு அனுப்பியது, சிலரைப் பள்ளிகளுக்கு. என்னையும் என் வகுப்புப் பிரகாஷையும் நன்னடத்தை அலுவலகத்துக்கு அனுப்பியது. முதல் தடவை குற்றம் செய்து தண்டனைக்கு ஆளானவர்களை, சில வழக்குகளில் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்தக் காலம் முடியும்வரை நன்னடத்தை அலுவலர் அவர்களைக் கண்காணிக்க வேண்டும். எங்கள் அலுவலர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுபவர், ஒரே ஆள். அவருக்குக் கீழே இருக்க வேண்டிய நாற்காலிகளில் பாதி காலியாக இருந்தன. அதனால் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலையை மாணவர்களே செய்தோம். நாங்கள் எழுதுவோம், மேடம் படித்துக் கையெழுத்துப் போடுவார். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவோம்.

நான் பார்க்கப் போன அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் காய்ந்த ஒடிசலான உடம்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவர். ஊரில் எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கும்பகோணத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவரை, அவர் கடையிலேயே, அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து முகத்தில் அடித்துவிட்டார் என்பது வழக்கு. முன்பற்கள் உடைந்தன. பல் உடைந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம் என்பதை அந்த வழக்கைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். பாண்டின்படி அக்கா அந்த ஆள் இருக்கும் பக்கம் போகக்கூடாது, வம்புக்குப் போகக்கூடாது, அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. மீறினால் பாண்டு ரத்தாகி, முன்பு கொடுக்காமல் விட்ட தண்டனையைக் கொடுத்துவிடலாம்.

என்னை அவர் ஒருநாளும் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, முன்னால் தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெருவின் நடுவில் போடுவார். அங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும். தனியாகப் பேச வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். மறைவில் பேசுவதால்தான் எல்லா வம்பும் வருகிறது, எதுவாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் கேள் என்றுவிட்டார். பேச ஆரம்பிக்கும் முன் என் செல்போனை வாங்கிக்கொண்டு போய் அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவார். அவருடையதும் அதற்குள்தான் கிடக்கும். நான் கிளம்பும்போது தவிட்டோடு திரும்பி வரும்.

இரண்டாவது மாதம், எங்கள் கல்லூரிக் காவலாளி என்னைக் கூப்பிட்டு, உனக்குச் சொந்தக்காரம்மா யாராவது திருப்பனந்தாள் பக்கம் உண்டா என்று கேட்டார். அலுவலகத்தில் மாதாமாதம் போட வேண்டிய கையெழுத்துக்காகத் தஞ்சாவூர் வந்த அன்று, அக்கா எங்கள் கல்லூரி வாசலுக்கும் வந்திருக்கிறார். என் அடையாளத்தைச் சொல்லி, இப்படி ஒரு பொண்ணு நிஜமாகவே இங்கே படிக்கிறதா, அப்பா என்ன செய்கிறார், கும்பகோணத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நான் அவரைக் கண்காணிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட ஒழுங்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அதைவிட மோசமாக ஒன்று செய்தார். அவருடைய அண்ணன் மகளுக்குச் சீர்காழிப் பக்கம் வரன் வந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார். அடுத்த தடவை, பக்கத்து ஊரில் வேறு ஒருவரைப் பார்க்க வந்த பிரகாஷ் அவர் வீட்டுக்கும் போனான். அவனிடம் மூட்டுவலி, ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இருவரும் கேட்டதை அப்படியே எழுதினோம். மாதக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட வந்தபோது மேடம் அக்கறையாக, கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகிறது, மூட்டுவலி குறைந்ததா என்று இரண்டையும் கேட்டார். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர் பாட்டிலை நிரப்ப வெளியே வந்தேன். மாடிப்படியில் எனக்காக நின்றிருந்தார்.

"அண்ணன் மகளுக்கு ஏழு வயசு. எனக்கு மூட்டுல ஒண்ணும் இல்ல. யாருகிட்ட சொன்னா எது எங்க போய்ச் சேருதுன்னு பாத்தேன்," என்றார்.

அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த வழக்கின் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஒரு நாள் ஒரு துண்டு, இன்னொரு நாள் வேறொரு துண்டு. எது உண்மை, எது எனக்கு வைத்த சோதனை என்று தெரியாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்கு அந்த ஆள்தான் அவரை அனுப்பினார். போன புதிதில், வேலை பழகும் வரை பயிற்சி, அதுவரை சம்பளம் இல்லை என்றார்களாம். சரி என்று இருந்திருக்கிறார். பயிற்சி முடிந்ததா என்று கேட்டபோது, உன் சம்பளம் ஊரில் ஏஜெண்டுக்குப் போகிறது, அங்கே வாங்கிக்கொள் என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்து கடையில் போய்க் கேட்டபோது அந்த ஆள், நீ பழகத்தானே போனாய், மூன்று வேளை சோறு போட்டார்களே, பிறகென்ன என்றிருக்கிறார். அப்போதுதான் கை பேப்பர் வெயிட்டுக்குப் போனது.

இதை அவர் சொல்லிக் கேட்ட அன்று, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பயிற்சி, சம்பளம் இல்லை என்ற அதே இரண்டு வார்த்தைகளோடுதான் நானும் அவர் வாசலில் போய் நின்றேன். பக்கத்து நாற்காலியில் அவர் முகம் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது. இவ்வளவும் எழுதிக்கொண்டாயா என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். அதையும் நம்பவில்லை.

சம்பா நடவு சமயம் அது. ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறேன், பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ அணைக்கரைப் பக்கம் போனது. பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் வேறு மாவட்டம். இந்தப் பக்கம் பாதி வயல்களில் நடவு இயந்திரம் இறங்கிவிட்டது, அந்தப் பக்கம் இன்னும் ஆள் தேவைப்படுகிறது. அது எனக்குத் தெரியும். அவருக்குக் கிடைக்கும் வேலையே பாலத்துக்கு அந்தாண்டதான் என்பதும் தெரியும்.

தஞ்சாவூர் திரும்பி, யார் என்று சொல்லாமல் மேடத்திடம் கேட்டேன். கூலி வேலைக்காகப் பக்கத்து மாவட்டம் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஒரு மனு எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் வாங்கித் தரலாம், கேட்டால்தானே தர முடியும் என்றார் மேடம். அடுத்த தடவை போகும்போது அக்காவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்பாரா என்று சந்தேகமாகவும் இருந்தது. இதைக் கொடு என்று எவரிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், எது இல்லாமல் நாம் தவிக்கிறோம் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

நான் சொல்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அந்த ஏஜெண்ட் தன் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டார். இந்த அம்மாள் தினமும் மாவட்டத்தைத் தாண்டிப் போகிறார், அங்கே போய் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மீதிப் பற்களையும் உடைப்பேன் என்று பேசுகிறார், பாண்டை ரத்து செய்ய வேண்டும் என்று. என்ன நடந்தது என்று அறிக்கை கொடுக்கச் சொல்லி மேடத்துக்குக் கடிதம் வந்தது.

மேடம் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். லோடு ஆட்டோ, கூடவே நடவுக்குப் போன பெண்கள், காலை நேரம், அவ்வளவுதான். அப்படியே எழுதிக் கொடு என்றார். பிரகாஷ் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பேசும்போது மேஜை விளிம்பையே நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை பழைய பஸ் ஸ்டாண்டில் அவன் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். கும்பகோணத்தில் ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். நல்ல பேச்சு, கையில் தோல் பை. வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிய பெண்களைப் பற்றி ஒரு அறக்கட்டளைக்காக ஆய்வு செய்கிறேன், உங்களைப் போன்ற மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்றிருக்கிறார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதே ஆள் என்னிடமும் பேச வந்தார். எனக்கு என்னவோ அவர் சிரிப்பு பிடிக்கவில்லை, பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டேன். பிரகாஷின் வீட்டில் அப்போது மிகவும் கஷ்டம். மாதக் கடைசியில் பஸ்ஸுக்கு இல்லாமல் அவன் ரயில்வே கேட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அக்கா வீடு பூட்டிக் கிடக்கவும் பக்கத்தில் கேட்டிருக்கிறான். பாலத்துக்கு அந்தாண்ட நடவுக்குப் போயிருக்கு என்று சொன்னார்கள். அதைத்தான் அந்த ஆளிடம் சொன்னான். அவர் ஏஜெண்டின் மைத்துனர் என்பது மனு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அவங்க கேட்டதுல தப்பா எதுவும் தெரியல. பணம் குடுத்தப்பகூட, யாரோ ஒருத்தர் நம்ம வேலைய மதிக்கிறாங்கன்னுதான் நெனச்சேன்," என்றான். அழுதான். கல்லூரிக்குத் தெரிந்தால் படிப்பு போய்விடும் என்றான்.

என் மேல் அக்கா வைத்த சந்தேகத்தை நினைத்துக்கொண்டேன். சம்பளம் வாங்காத ஒருவருக்கு வேறு யாரோ கொடுப்பார்கள் என்று அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, ஆள்தான் வேறு.

விசாரணை நாளில் மேடத்தோடு நானும் போனேன். அக்கா துவைத்த புடவை கட்டிக்கொண்டு, ஜாமீன் போட்ட அண்ணனோடு வராந்தாவில் ஒரு ஓரமாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தார், மேடத்துக்கு மட்டும். உள்ளே மேடம் தன் அறிக்கையை வாசித்தார். நடுவில், "பயிற்சி மாணவி நேரில் கண்டபடி" என்று ஒரு வரி வந்தது. அக்கா கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். தேடிக்கொண்டிருந்த பொருளை வைத்த இடத்திலேயே கண்டவர் மாதிரி பார்த்தார்.

பாலத்தைத் தாண்டிப் போனது உண்மையா என்று நீதிபதி கேட்டார். ஏதாவது கதை சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "ஆமாங்கய்யா, போனேன். இந்தப் பக்கம் வேலை இல்லைங்க," என்றார். யாரையாவது மிரட்டினாரா என்று கேட்டதற்கு, சேற்றில் குனிந்தபடி யாரை மிரட்டுவது என்றார். நான் எழுதிக் கொடுத்த வரிதான், அவர் நடவுக்குப் போனார் என்பதற்கு ஒரே சாட்சியாக இருந்தது. நீதிபதி கண்டித்தார். இனிமேல் வேலைக்குப் போகும் நாட்களில் அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அனுமதியும் கொடுத்தார். பாண்டு தப்பியது. வெளியே வந்ததும் அக்கா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எந்தப் புகாரும் இல்லாமல் அவருடைய பாண்டு காலம் முடிந்துவிட்டதாக, நான் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு மேடம் போனில் சொன்னார். ஆனால் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முன்னால், என் பயிற்சி முடிகிற வாரத்தில். கடைசி வருகை. பிரகாஷின் பெயரைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் போயிருந்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டு அந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

வீட்டில் அவர் இல்லை. வயலிலிருந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சாலைக்குப் போய்க்கொண்டே பேசலாம் என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்தார். முன்பு ஒருநாளும் பஸ் நிற்கும் இடம்வரை வந்ததில்லை. நான் பஸ் ஏறுகிறேனா, வேறு யாரையாவது பார்க்கப் போகிறேனா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் புதிதாக நட்ட பயிர். கொஞ்ச தூரம் போனதும், விஷயம் கோர்ட்டுக்குப் போனது நான் சொல்லி இல்லை அக்கா, யார் சொன்னது என்று எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தேன்.

அவர் நின்றுவிட்டார்.

"பேரு சொல்லாத."

அவர் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. என்னைத் தடுப்பதற்காகக் கையைக்கூட நீட்டியிருந்தார். ஏன் அக்கா என்றேன். நாற்றுச் சேறு காய்ந்திருந்த அந்தக் கையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

"அன்னிக்குக் கடைக்கு நான் அடிக்கவா போனேன்? கேக்கத்தான் போனேன். அவன் பேசுனது நெனவு இருக்கு, ரத்தம் வந்தது நெனவு இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. இப்பவும் அவன் கடைத் தெரு வழியா போற பஸ்ஸுல நான் ஏறுறதில்ல. அவனுக்குப் பயந்துன்னு நெனைக்கிறாங்க. எல்லாரையும் சந்தேகப்படுவேன், உண்மைதான். ஆனா இந்தக் கைய நம்புறது மாதிரி மோசம் ஒண்ணும் இல்ல. நீ பேரு சொன்னா நான் அத மறக்க மாட்டேன்."

பிரகாஷை எனக்குத் தெரியும். கழுத்து எலும்பு தெரிய, பெரிய சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன். பயிற்சியில் விடுபட்ட நாட்களை ஈடுகட்ட இந்த ஊருக்கு இன்னும் வந்துபோக வேண்டியவன். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்படின்னா நீங்க என்னையேதான் நெனச்சுக்கிட்டு இருப்பீங்க," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமா. அது உன் மேலயே இருக்கட்டும்," என்றார். "உன்ன நான் அடிக்க மாட்டேன்."

சாலைக்கு வந்துவிட்டோம். புளிய மரத்தடியில் நடவுப் பெண்கள் லோடு ஆட்டோவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, கோர்ட்டில் நம்மைப் பற்றி எழுதிக் கொடுத்த பொண்ணு இதுதான், நல்லாப் பாத்துக்குங்க என்றார். ஒருத்தி காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி, படிச்ச பொண்ணு செய்யுற வேலையா இது என்று யாருக்கோ சொல்வதைப் போலச் சொன்னாள்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஆமாங்க, நான்தான்," என்றேன்.

கும்பகோணம் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே அவர் அந்தப் பெண்களோடு பேச ஆரம்பித்திருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.